சேரியும் சயமும்: வடசெங்கற்பட்டில் ஒரு நூற்றாண்டு

இருமல் ஒரு வரலாற்றுப் பொருள் ஆகுமா என்று ஐயுறுவாருண்டு. மன்னர் முடிசூடியதும் கோட்டைகள் கைமாறியதும் வரலாறு ஆகுமாயின், ஒரு மக்கட்பிரிவினர் நூறாண்டுக் காலம் எத்தகைய காற்றைச் சுவாசித்து வாழ்ந்தனர் என்பதும் வரலாறேயாகும். பழவேற்காட்டில் டச்சுக்காரர் 1613-ஆம் ஆண்டில் கட்டிய கோட்டையைப் பற்றி எழுதியோர் பலர். அக்கோட்டைக்கு வடக்கே, ஆரம்பாக்கம் வரை நீளும் ஏரிக்கரைக் குடிசைகளில், ஈர விறகை ஊதி ஊதி நெஞ்சு வற்றிய பெண்களைப் பற்றி எழுதியோர் அரியர். நம் கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மலரில் அக்குறையைச் சிறிதேனும் போக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நெஞ்சைப் பற்றும் தொற்றுநோய்கள் பல. சளிக்காய்ச்சல், குழந்தைகளைக் கொள்ளைகொள்ளும் நிமோனியா, விஷக்காய்ச்சல் எனப்பட்ட இன்புளூயன்சா, அண்மையில் நாம் கண்ட கொரோனா ஆகியன அவற்றுட் சில. ஆனால் நம்மவர் வாழ்வில் நெடுங்காலம் தங்கி வேர்விட்டது சயரோகமே. எலும்புருக்கி என்றும் ஈளை என்றும் நம் பாட்டிமார் வழங்கிய இந்நோயின் கதையைச் சொன்னால் மற்றவற்றின் கதையும் பெரும்பாலும் சொன்னதாகிவிடும். ஏனெனில் இவையனைத்தும் நுழையும் வாயில் ஒன்றே. நெருக்கடியான வீடு, புகை, பசி, காலங்கடந்த சிகிச்சை என்பன அவ்வாயிலின் நிலைகளும் கதவுகளுமாகும்.

சயரோகம் ஒரு கிருமியால் வருவது என்பதை ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் காக் 1882 மார்ச் 24-ஆம் நாள் பெர்லின் நகரில் மெய்ப்பித்தார். அதற்குமுன் இது குலவழியாக வரும் நோய் என்று ஐரோப்பியரும் நம்பினர். நம்மூர்களில் அந்நம்பிக்கை இன்னும் முற்றாக மறையவில்லை. தந்தைக்கு வந்தது மகனுக்கும் வருகிறதே என்பர். தந்தையும் மகனும் ஒரே அறையில் ஒரே காற்றைச் சுவாசித்து உறங்கினர் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. நோயைக் குலத்தின்மீது ஏற்றிச் சொல்வது நம் நாட்டில் எளிது. எல்லாவற்றையும் குலத்தின்மீது ஏற்றிப் பழகிய நாடல்லவா இது!

காக் தம் கண்டுபிடிப்பை அறிவித்து ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1891-இல், செங்கற்பட்டு மாவட்டக் கலெக்டராக இருந்த டிரமன்ஹீர் என்பவர் அம்மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். பொன்னேரிப் பகுதியும் அதனுள் அடங்கிய நம் ஏரிக்கரைக் கிராமங்களும் அன்று செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. அது மருத்துவ அறிக்கையன்று. நிலம் பற்றியது, கூலி பற்றியது, குடிமனை பற்றியது. எனினும் நெஞ்சுநோயின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதிலிருந்துதான் தொடங்குதல் வேண்டும் என்பது என் துணிபு. தாம் குடியிருக்கும் குடிசை நிற்கும் மண்கூட இம்மக்களுக்குச் சொந்தமில்லை. மிராசுதார் சினந்தால் மனையைவிட்டு வெளியேற்றலாம் என்னும் நிலையை அவ்வறிக்கை அரசின் கண்முன் நிறுத்தியது. திருவள்ளூரில் பணிபுரிந்த வெசுலியன் பாதிரியார் வில்லியம் கௌடி போன்றோரும் அக்காலத்தே இதனை எடுத்துரைத்தனர். 1892 செப்டம்பர் 30-ஆம் நாள் அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று பின்னாளில் பெயர்பெற்ற நிலங்களின் கதை அங்கே தொடங்குகிறது.

மனைக்கும் மார்புக்கும் என்ன தொடர்பு? நாளை வெளியேற்றப்படலாம் என்று அஞ்சுபவன் சுவரை உயர்த்தமாட்டான், சாளரம் வைக்கமாட்டான். நான்கு கழி நட்டு, பனையோலையோ விழலோ வேய்ந்து, குனிந்து நுழையும் வாசல் ஒன்றே வைப்பான். குடும்பம் பெருகினாலும் பக்கத்தில் இன்னொரு குடிசை போட இடங்கேட்க முடியாது. ஆகவே பெற்றோரும் பிள்ளைகளும் முதியோரும் ஒரே கூரையின்கீழ் நெருங்கிப் படுத்தனர். அடுப்பும் அதனுள்ளே. ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிறைந்து வாடை வீசுகையில் வாசலையும் படலால் அடைத்துவிடுவர். உள்ளே ஒருவர் இருமினால் அவ்விருமலுக்கு வெளியேற வழியில்லை.

இருமும்போது தெறிக்கும் பெருந்துளிகள் தரையில் விழுந்துவிடுகின்றன. மிக நுண்ணிய துளிகளோ நொடியில் உலர்ந்து, கிருமியைச் சுமந்தவாறு மணிக்கணக்கில் காற்றில் மிதக்கின்றன. அமெரிக்காவில் பால்டிமோர் நகர மருத்துவமனை ஒன்றில், 1950-களின் பிற்பகுதியில், ரிச்சர்டு ரைலி என்னும் மருத்துவர் ஒரு சோதனை செய்தார். சயரோகிகள் படுத்திருந்த வார்டிலிருந்து வெளியேறும் காற்றைக் குழாய்வழியே மேல்மாடிக்குக் கொண்டு சென்று, அங்கே கூண்டுகளில் இருந்த கினிப் பன்றிகளை அதனைச் சுவாசிக்கச் செய்தார். நோயாளரைக் கண்ணாலும் காணாத அவ்விலங்குகளுள் பலவற்றைச் சயம் பற்றியது. எச்சிற்பாத்திரத்தாலும் தொடுதலாலும் இந்நோய் பரவுகிறது என்று எண்ணித் தட்டையும் தம்ளரையும் பிரித்து வைப்போர் இதனை அறிதல் வேண்டும். தீண்டுதலால் வருவதன்று இந்நோய்; அடைபட்ட காற்றால் வருவது. தீண்டாமையின் கொடுமையை அறிந்த நாமே நோயுற்ற மருமகளுக்குத் தனித்தட்டு வைத்துத் தாய்வீட்டுக்கு அனுப்புவதைக் காணும்போது மனம் வருந்துகிறது.

1918-ஆம் ஆண்டின் விஷக்காய்ச்சல் உலகையே உலுக்கியது. அவ்வாண்டு பருவமழையும் பொய்த்திருந்தது. தானிய விலை ஏறிச் சென்னையில் செப்டம்பர் மாதம் கடைகள் சூறையாடப்பட்டன. பசியோடு இருந்த உடம்பின்மீது நோய் வந்து விழுந்தது. நாடு முழுவதும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பது ஆய்வாளர் கருத்து. நம் ஏரிக்கரையில் எத்தனை பேர் மாண்டனர் என்று சாதிவாரியாகச் சொல்லும் கணக்கு என் கண்ணிற் படவில்லை. ஆனால் பம்பாய் நகரில் சுகாதார அதிகாரிகள் தொகுத்த கணக்கு உண்டு. அங்கே ஆயிரம் ஐரோப்பியருள் 8 பேரும், சாதி இந்துக்களுள் ஏறத்தாழ 19 பேரும், தாழ்த்தப்பட்டோருள் 61 பேருக்கு மேலும் மாண்டனர். கிருமி ஒன்றே, நகரம் ஒன்றே, ஆண்டும் ஒன்றே. அக்கிருமி சாதிச் சான்றிதழைக் கேட்டு நுழையவில்லை. அறையில் எத்தனை பேர், அடுப்பில் என்ன இருந்தது, காய்ச்சல் கண்டவன் மறுநாள் கூலிக்குப் போகாமல் படுத்திருக்க முடிந்ததா என்பவையே 8-ஐ 61 ஆக்கின. இக்கணக்கை நம் பிள்ளைகள் மனத்திருத்த வேண்டும். ‘அவர்கள் சுத்தமில்லாதவர்கள், அதனால் நோய் வருகிறது’ என்று எவரேனும் சொல்லும்போது விடையாக இது பயன்படும்.

1920-ஐ ஒட்டிச் சென்னை அரசு ஒடுக்கப்பட்டோர் நலனை லேபர் கமிஷனர் என்னும் அதிகாரியிடம் ஒப்படைத்தது. மனை வாங்கித் தருதல், கிணறு வெட்டுதல், பள்ளி திறத்தல் ஆகியன அவர் பணிகள். லேபர் பள்ளிக்கூடம் என்னும் பெயரை நம் முதியோர் பலர் இன்றும் சொல்வர். மனையின் விலையைத் தவணையாகத் திருப்பிச் செலுத்த வேண்டும் என்பது அக்கால ஏற்பாடு. இது மெல்ல நடந்தது; மிக மெல்ல.

மருத்துவத்தின் பக்கம் திரும்புவோம். அன்று சயத்துக்கு மருந்தில்லை. தூய காற்று, நல்லுணவு, ஓய்வு என்னும் மூன்றுமே சிகிச்சை. அதற்காக ஆரோக்கியசாலைகள் எழுந்தன. மதனப்பள்ளியில் 1915-இல் மிஷனரிகள் ஒன்றை நிறுவினர். இங்கிலாந்தில் புகழ்பெற்றிருந்த டாக்டர் சௌரிமுத்து தாயகம் திரும்பித் தாம்பரத்தில் 1928-இல் ஒன்றைத் தொடங்கினார். 1937-இல் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. இன்றும் மின்சார ரயில் நிற்கும் ஒரு நிலையத்துக்குச் ‘சானட்டோரியம்’ என்றே பெயர். நல்ல பணிகளே இவை, மறுப்பதற்கில்லை. ஆனால் ஓய்வெடு என்று கூலியாளிடம் சொல்வதும், பாலும் முட்டையும் உண் என்று கஞ்சிக்கே வழியற்றவனிடம் சொல்வதும் எத்தகையது? ஆரம்பாக்கத்திலிருந்து தாம்பரம் சென்று ஓராண்டு படுத்திருக்க வசதியுள்ளவர் நம்முள் எத்தனை பேர்? படுக்கைகளோ சில நூறு, நோயாளரோ பல்லாயிரவர்.

இந்நிலையைத் தலைகீழாக மாற்றிய ஆய்வு நம் சென்னையிலேயே நடந்தது என்பதை நம் பாடநூல்கள் போதிய அளவு கூறுவதில்லை. 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் நிறுவப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து நிறுவிய அம்மையத்திற்கு வாலஸ் பாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் தலைமை ஏற்றார். ஐசோனியசிட் என்னும் மருந்தின் ஆற்றல் 1952-இல் வெளிப்பட்டிருந்தது. ஆகவே அவர் எழுப்பிய வினா எளிது: நல்ல மருந்து கிடைத்தபின்னும் ஏழையை வீட்டைவிட்டுப் பிரிக்கத்தான் வேண்டுமா?

நகரத்து ஏழை நோயாளர் 193 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில் ஒரு பாதியினர் ஆரோக்கியசாலைக்கும் மறுபாதியினர் தம் வீடுகளுக்கும் அனுப்பப்பட்டனர். இருசாராருக்கும் ஒரே மருந்துகளே ஓராண்டு தரப்பட்டன. ஆரோக்கியசாலையில் இருந்தோர் நன்கு உண்டனர், ஓய்வெடுத்தனர், உடல் பெருத்தனர். வீட்டில் இருந்தோர் நெருக்கடியான அறைகளில் அரைவயிறு உண்டு, பலர் வேலைக்கும் சென்றனர். சுகாதாரப் பணியாளர் அவர்கள் வீடுதேடிச் சென்று, மருந்து உண்டனரா என்று சிறுநீரைச் சோதித்தும் பார்த்தனர். ஓராண்டு முடிவில், ஆரோக்கியசாலையில் நூற்றுக்கு 92 பேரும் வீட்டில் 86 பேரும் கிருமி நீங்கி அடங்கிய நிலை அடைந்திருந்தனர். வேறுபாடு சிறிதே. 1959-இல் இம்முடிவு வெளியானபோது உலக மருத்துவர் பலர் வியந்தனர்.

இதைவிட வியப்பானது அடுத்து வந்தது. வீட்டில் வைத்துச் சிகிச்சை அளித்தால் உடனிருப்போருக்கு நோய் பரவாதா என்று பலர் அஞ்சினர். அக்குடும்பத்தாரை ஐந்தாண்டு தொடர்ந்து கவனித்து 1966-இல் வெளியிட்ட முடிவில், நோயாளி வீட்டிலேயே இருந்ததால் உடனிருப்போருக்கு நோய் கூடவில்லை எனத் தெரியவந்தது. பரவ வேண்டியது பெரும்பாலும் மருந்து தொடங்குமுன்பே பரவிவிடுகிறது. மருந்து உண்பவரால் வரும் அபாயம் விரைவிற் குறைந்துவிடுகிறது. அஞ்சத்தக்கவர் மருந்துண்ணும் நோயாளி அல்லர். ‘சாதாரண இருமல்தான்’ என்று மாதக்கணக்கில் மறைத்து வைக்கப்படும் நோயாளியே. பெண்ணின் திருமணம் தடைப்படும் என்று மறைக்கும் பெற்றோர் அப்பெண்ணுக்கும் அவள் தங்கைக்கும் சேர்த்தே தீங்கு செய்கின்றனர்.

இப்பெரும் உண்மைகளை உலகுக்கு வழங்கியோர் சென்னைக் குடிசைகளில் வாழ்ந்த பெயரறியா ஏழைகள். அவர்கள் தந்த சளியும் சிறுநீரும் இரத்தமுமே அறிவாயின. அம்மையத்தில் வளர்ந்த முறையே, வாரம் இருமுறை பணியாளர் கண்முன் மருந்துண்ணும் ஏற்பாடாக விரிந்து, பின்னாளில் ‘டாட்ஸ்’ என்னும் பெயரில் உலகெங்கும் சென்றது. 1999 மே மாதம் நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே அதற்கு ஒரு முன்மாதிரிப் பகுதி அமைந்தது.

தடுப்பூசியின் கதையிலும் நம் மாவட்டத்திற்குப் பங்குண்டு. கிண்டியில் பி.சி.ஜி. ஆய்வகம் 1948-இல் தொடங்கிற்று. அவ்வூசி உண்மையிலேயே காக்கிறதா என்று அறிய 1968-இல் திருவள்ளூரைச் சுற்றிய கிராமங்களில் மாபெரும் சோதனை தொடங்கியது. மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த பகுதி அது. ஏழரை ஆண்டுகளின் முடிவு வந்தபோது, பெரியவர்களின் நுரையீரற் சயத்தை ஊசி தடுக்கவில்லை எனக் கண்டனர். பதினைந்து ஆண்டுக் கணக்கும் அவ்வாறே முடிந்தது. குழந்தைகளுக்கு மூளையிலும் உடலெங்கும் பரவும் கொடிய வகையை அது தடுக்கிறது என்பதால் பிறந்தவுடன் இடும் வழக்கம் தொடர்கிறது, தொடரவும் வேண்டும். ஆனால் தோளில் தழும்பு இருக்கிறது, எனக்கு வராது என்று எண்ணுவோர் ஏமாறுவர்.

ஊசி தடுக்காததை எது தடுக்கும்? இதே திருவள்ளூர்க் கிராமங்களில் பின்னர் நடந்த ஆய்வுகள் சில விடைகளைத் தந்தன. பீடி, சிகரெட் புகைப்போருக்குச் சயம் வரும் வாய்ப்பு புகையாதோரைக் காட்டிலும் இருமடங்குக்கு மேல் என்று 2002-இல் ஒன்று கூறியது. தமிழ்நாட்டில் மாண்ட 43,000 ஆண்களைப் பற்றி விசாரித்து 2003-இல் வெளிவந்த பேராய்வு, நம் நாட்டில் சயத்தால் மாளும் ஆண்களுள் பாதிப்பேர் சாவுக்குப் புகைப்பழக்கமே காரணம் என்றது. விறகும் வரட்டியும் எரிக்கும் வீட்டாருக்கு இந்நோய் கூடுதலாக வருகிறது என்று 2009-இல் மற்றொன்று உரைத்தது. நம் பக்கத்தில் வேலிக்காத்தான் முள்ளும் சவுக்கு மிலாறுமே விறகு. மழைக்காலத்தில் அவை எரிவதைவிடப் புகைவதே மிகுதி. மூச்சுக்குழலின் உட்புறத்தில் நுண்மயிர்கள் ஓயாது அசைந்து தூசியையும் கிருமியையும் மேலே தள்ளிக்கொண்டிருக்கின்றன. புகை அம்மயிர்களைச் செயலிழக்கச் செய்கிறது; கிருமியை விழுங்கும் காவல் அணுக்களையும் தளரச் செய்கிறது. அடுப்பங்கரையில் தாயின் இடுப்பில் இருக்கும் கைக்குழந்தைக்கே இக்கேடு மிகுதி. குழந்தை நிமோனியாவிற்குப் புகை ஒரு முதற்காரணம். எரிவாயு அடுப்பு வந்தபின் நிலைமை சீர்பட்டது உண்மை. ஆயினும் உருளை விலை ஏறும் மாதங்களில் பல வீடுகளில் அது மூலையில் அமர, முள்விறகு திரும்பி வந்துவிடுகிறது.

பசியைப் பற்றி ஒரு சொல். பழவேற்காட்டு ஏரியில் வலைவிட ‘பாடு’ என்னும் முறைவைப்பு உரிமை உண்டு. அது பட்டினவர் ஊர்கள் சிலவற்றின் வழியுரிமையாக இருந்து வந்தது. நம்மவரும் இருளரும் அதற்குப் புறத்தே நின்று, மார்பளவு நீரில் கையால் தடவி இறால் பிடித்தனர். நீரில் நிற்பதால்தான் நெஞ்சுச்சளி கட்டுகிறது என்பது ஊரார் நம்பிக்கை. குளிர்நீர் தானே கிருமியை உண்டாக்காது. ஆனால் பிடித்த இறாலை நல்ல விலைக்கு வியாபாரியிடம் கொடுத்துவிட்டு, வீட்டில் கஞ்சியும் ஊறுகாயும் உண்ணும் வாழ்வு உடலின் எதிர்ப்பாற்றலைத் தின்றுவிடும். திருவள்ளூர் மாவட்டத்தில் 2000-ஆம் ஆண்டு சிகிச்சை பெற்றோரை ஆராய்ந்தபோது, 35 கிலோவுக்குக் குறைந்த எடையுடன் வந்தோரே மிகுதியாக மாண்டனர் எனக் கண்டனர். மருந்தை நடுவில் விட்டோருள் குடிப்பழக்கம் உடையோர் மிகுதி. சென்னை ஆய்வு, மருந்து இருந்தால் நோயுற்றவர் எளிய உணவிலும் குணமடையலாம் என்று காட்டியது. அதனை உணவு தேவையில்லை என்று சிலர் தவறாகப் பொருள் கொண்டனர். ஜார்க்கண்ட் மாநிலத்தில் 2019 முதல் 2022 வரை நடந்த ஆய்வு இதனைத் திருத்தியது. நோயாளரின் குடும்பத்தார் 10,000-க்கு மேற்பட்டோரைப் பிரித்து, ஒரு சாராருக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் அளித்தனர். அவர்களிடையே புதிதாகச் சயம் தோன்றுவது நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது. அரிசியும் பருப்பும் தடுப்பூசிபோல் வேலை செய்தன.

மீண்டும் மனைக்கு வருவோம். 1971-இல் தமிழ்நாட்டில் குடியிருப்பு மனைச் சட்டம் வந்தது. பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்த உழவுத் தொழிலாளர்க்கு அம்மண் உரிமையாயிற்று. டிரமன்ஹீர் எழுதி எண்பது ஆண்டுகள் கடந்திருந்தன! 1974-இல் அரிசன வீட்டுவசதிக் கழகம் பிறந்தது. சேரி ‘காலனி’ ஆயிற்று. ஓலை காங்கிரீட் ஆயிற்று. ஆனால் ஒரு தலைமுறைக்கெனக் கட்டிய ஓரறை வீட்டில் இன்று மூன்று தலைமுறைகள் உறங்குகின்றன. சாளரம் உண்டு, அதன்மேல் பீரோவோ தொலைக்காட்சியோ நிற்கிறது. கொசுவுக்கு அஞ்சி மீதியையும் அடைத்துவிடுகின்றனர். ஓலைக்கூரையின் கீழ்ப்பகுதியில் காற்றுக்குச் சிறு சந்தேனும் இருந்தது. காங்கிரீட்டில் அதுவும் இல்லை. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலைக்கு வந்த இளைஞர் பத்துப்பேர் ஓர் அறையில் வாடகைக்குத் தங்குவதையும் காண்கிறோம். கொரோனாக் காலத்தில், 2020-இலும் 2021-இலும், அத்தகைய அறைகளின் நெருக்கடி எவ்வளவு இடர் தந்தது என்பதை நாடறியும்.

இக்காலத்துக்குரிய சில நன்மைகளும் உள. நிமோனியாவைத் தடுக்கும் ஊசிகளுள் ஒன்று 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் முதலில் வந்தது. மற்றொன்று 2021-இல் வந்தது. இரண்டும் அரசு நிலையங்களில் இலவசம். இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட இருமலுக்குச் சளிச்சோதனையும், சயம் எனத் தெளிந்தால் மருந்தும் இலவசம். 2018 முதல் நோயாளரின் வங்கிக் கணக்கில் உணவுக்கென மாதம் 500 ரூபாய் இட்டு வந்தனர். 2024 நவம்பர் முதல் அது 1,000 ஆயிற்று.

நம் சங்கத்தில் பயிலும் மாணவர்க்கு ஒரு பணியை முன்வைக்கிறேன். வரும் கோடை விடுமுறையில் அளவு நாடாவும் குறிப்பேடும் எடுத்துக்கொண்டு நம் காலனி வீடுகளுக்குச் செல்லுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் உறங்கும் அறையின் நீள அகலம் என்ன, அதில் எத்தனை பேர் படுக்கின்றனர், சாளரம் எத்தனை, அவற்றுள் திறக்கக்கூடியவை எத்தனை, அடுப்பு உள்ளா வெளியா, என்ன விறகு, மனைப்பட்டா யார் பெயரில் என்று எழுதிவாருங்கள். பெரியம்மாக்களிடமும் தாத்தாக்களிடமும், அந்நாளில் யார் யார் ஈளையால் மாண்டனர் என்றும் பணிவுடன் கேளுங்கள்; பெயரை எழுத வேண்டாம், வயதையும் ஆண்டையும் மட்டும் குறித்தாற் போதும். அந்த அட்டவணையை அடுத்த ஆண்டறிக்கையின் பின்னிணைப்பாக அச்சிடவும், ஒரு படியை வட்டாட்சியர் அலுவலகத்திற்கு அளிக்கவும் செயற்குழு இசையும் என நம்புகிறேன்.